கூரையேறிய குளிர்

அமைதி தேடி அரிசோனாப் பாலைவனத்துக்கு வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிற அமெரிக்கர், அந்த வீட்டின் உச்சியில் 13,500 பி.டி.யு. ஏசி இரண்டை ஏற்றி வைத்திருக்கிறார். மோட்டார்ஹோம் பழசென்றால், ஏசி போடும் சத்தத்தில் உள்ளே கணவன் மனைவி சண்டைகூடச் சைகையில்தான். (சில குடும்பங்களுக்கு இது நல்லதும்கூட.)

தேசியப் பூங்காக்களில் சத்தத்துக்கென்று ஒரு விதி உண்டு. 50 அடி தள்ளி நின்று அளந்தால் இயந்திரச் சத்தம் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது. தலைக்கு மேல் இரண்டடியில் உறுமினால் என்ன செய்வது என்று விதி வாய் திறக்கவில்லை.

இந்த உறுமலுக்குக் காரணமான கோளாறு பெரும்பாலும் அற்பமானது. கூரையில் 14 அங்குலச் சதுர ஓட்டை, அதைச் சுற்றி ஒரு நுரை கேஸ்கட், அதன்மேல்தான் மொத்த ஏசியும் உட்கார்ந்திருக்கிறது. வருஷக்கணக்கான வெயிலில் நுரை அப்பளமாகிவிட்டால் அதிர்வு நேரே கூரைக்கு இறங்கும். சொந்தக்காரர் உடனே நான்கு போல்ட்டையும் மூச்சைப் பிடித்து முறுக்குவார். நுரை மேலும் நசுங்கும், சத்தம் மேலும் கூடும், அவர் மேலும் முறுக்குவார். ஓரங்குல நுரை அரை அங்குலமானால் போதும் என்று கையேட்டில் இருக்கும். கையேடு இழுப்பறையில் இருக்கும்.

மேல்மூடியைக் கழற்றினால் குளவிக்கூடு. ஒரே மோட்டார் தண்டின் இரு முனையிலும் விசிறி என்பதால் ஒன்றில் அழுக்கேறினால் மற்றதும் சேர்ந்து ஆடும். கம்ப்ரசர் கிளம்பாமல் முனகினால் பல நேரம் ஒரு கெபாசிட்டரை மாற்றினாலே போதும். அதில் தேங்கிய மின்சாரத்தை இறக்காமல் கைவைத்தவர், ஏசியைவிடச் சத்தமாக அலறுவார்.

எல்லாம் சரியாகி ஏசி அடங்கியதும்தான் பக்கத்து வண்டிக்காரரின் ஜெனரேட்டர் காதில் விழும்.