ராபர்ட்சன்பேட்டையில் எஸ்.எஸ்.டி. மாற்றுதல்: ஓர் ஆழ்நில ஆய்வு

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அதன்பின் அவ்வூரில் தோண்டுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பது அறிஞர்களின் பொதுக்கருத்து. இக்கட்டுரை அதை மறுக்கிறது. அங்குள்ள ராபர்ட்சன்பேட்டையின் மாடியறைகளில் இன்றும் தோண்டல் நடக்கிறது. ஷாஃப்டுக்குப் பதில் கேமிங் லேப்டாப்பின் அடிமூடி, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆய்வுக்குரிய மாந்தர், சுரங்கம் மூடிய காலத்தை ஒட்டிப் பிறந்தவர்கள். விடிவதற்குள் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய், இருட்டியபின் திரும்புகிறவர்கள். வாரம் முழுக்க அடக்கிவைத்த ஆசையை ஞாயிறு ஒரே நாளில் தீர்த்தாக வேண்டும். அன்றைக்கென்று பார்த்து கேம் அப்டேட் கேட்கும். இடம் போதவில்லை என்று திரை சொல்லும். ஜி.டி.ஏ. 5 ஒன்றே ஏறத்தாழ 100 ஜி.பி.யை விழுங்குகிறது. 512 ஜி.பி. என்று வாங்கிய எஸ்.எஸ்.டி. எனும் சேமிப்பு அட்டையோ விண்டோஸ் கணக்கில் வெறும் 476.

மீதி 36 எங்கே? தங்கம் விளைந்த ஊராதலால் ‘சேதாரம்’ என்று உடனே தீர்ப்பாகிவிடுகிறது. உண்மையில் தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, எதுவும் தொலையவில்லை. ஆனால் நகைக்கடையில் தலைமுறை தலைமுறையாகச் சேதாரம் கொடுத்தவர்களிடம் இந்த விளக்கம் எடுபடாது. 1 டி.பி. வாங்கிவந்து 931-ஐக் கண்டவர் மறுநாள் கடைக்காரரைப் பார்க்கும் பார்வையே வேறு.

இனி பொருளின் இயல்பு. 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், அதனால் 2280 என்று பெயர். ஒரு முனையில் 67 பொன்முலாம் பட்டைகள், முலாமின் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாட்டன் மூன்று கிலோமீட்டருக்குமேல் இறங்கி, டன் பாறைக்குச் சில கிராம் என்று வெட்டியெடுத்த அதே உலோகம். பேரன் அதில் விரல் பட்டுவிடக் கூடாதென்று அட்டையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்குகிறான். உள்ளேயும் சுரங்க அமைப்புதான். சாம்பியன் ரீஃபில் லெவல்கள் நூற்றைத் தாண்டின. இன்றைய ஃபிளாஷ் சில்லுகளில் அடுக்குகள் இருநூற்றைத் தாண்டிவிட்டன. ஒவ்வொரு அடுக்கிலும் நுண்ணறைகள், ஒவ்வொரு அறையிலும் அடைபட்ட எலக்ட்ரான்கள். அறைக்கு மூன்று பிட் என்றால் டி.எல்.சி., நான்கு என்றால் க்யூ.எல்.சி. பின்னது மலிவு. பெரிய கோப்பை நகலெடுக்கும்போது தொடக்கத்தில் பாய்ந்து ஓடும்; முன்வாசல் கேஷ் நிரம்பியதும் தவழும்.

வெப்பம் பற்றி ஒரு குறிப்பு அவசியம். சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் பாறை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டது. குளிர்காற்று அனுப்பத் தனி இயந்திரங்களே வைத்தார்கள். எஸ்.எஸ்.டி.யும் விளையாட்டு மும்முரத்தில் அந்தச் சூட்டை எளிதில் தொடும். 80 டிகிரி வாக்கில் போனால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பாட்டனுக்கு அந்தச் சலுகை இருக்கவில்லை.

ஆய்வின் மையச் சிக்கல் திருகாணி. எம்2 அளவு, நீளம் சுமார் 3 மி.மீ., அரிசிமணியைவிடச் சிறிது. அடிமூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பைப் பிடுங்கி, பழைய அட்டையின் திருகாணியை எடுத்ததும் அட்டை ஒரு முனையில் சாய்வாக எழும்பி நிற்கும். இந்தக் கணத்தில்தான் திருகாணி கையைவிட்டு ஓடுகிறது. எங்கே ஓடுகிறது என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. கட்டிலடி என்போர் பெரும்பான்மை. மதர்போர்டுக்கு அடியிலேயே ஒளிந்திருக்கும் என்போர் சிறுபான்மை, ஆனால் லேப்டாப்பை அவர்கள் குலுக்கும்போது கேட்கும் ‘கிலுக்’ ஒலி அவர்கள் பக்கமே சாட்சி சொல்கிறது. முன்னெச்சரிக்கையாகச் சிலர் வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் வேலை செய்கிறார்கள். இம்முறையை நாம் பரிந்துரைக்கிறோம், வேட்டிக்குரியவர் வீட்டில் இல்லாத நேரமாக இருந்தால்.

அவர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நிகழக்கூடிய ஓர் உரையாடல்:

“என்னடா தம்பி, புதுசைத் தொறந்து வெச்சிருக்க?”

“எஸ்.எஸ்.டி. மாத்துறேன்ப்பா. ஸ்பீடு ஆகும்.”

“கேம் ஸ்பீடா ஓடுமா?”

இக்கேள்விக்கு நேர்மையான விடை ‘இல்லை’ என்பதே. ஃபிரேம் எண்ணிக்கையைத் தீர்மானிப்பவை கிராஃபிக்ஸ் கார்டும் சி.பி.யூ.வும். எஸ்.எஸ்.டி. செய்வதெல்லாம் கேம் ஏறும் நேரத்தைக் குறைப்பதும் இடம் தருவதும். சாட்டா வகை நொடிக்கு ஏறத்தாழ 550 எம்.பி. படிக்கும், நான்காம் தலைமுறை என்.வி.எம்.இ. 7,000 வரை போகும். ஆனாலும் பல விளையாட்டுகளில் இரண்டுக்குமான காத்திருப்பு வேறுபாடு சில நொடிகளே. பணம் கேட்கும் இடத்தில் இந்த உண்மையைச் சொன்ன மகன் எவனும் இலக்கியத்தில் பதிவாகவில்லை. போதாக்குறைக்கு ஏ.ஐ. தரவு மையங்கள் சில்லுகளை வாரிக்கொண்டு போனதில் 2025 இறுதியிலிருந்து விலையும் ஏறிவிட்டது. அதே ஆண்டு தங்கமும் ஏறியது. ஆக, அப்பாக்களைச் சமாதானப்படுத்த ஒரு வாதம் புதிதாகக் கிடைத்திருக்கிறது: “இதுவும் இன்வெஸ்ட்மெண்ட்தான்ப்பா.”

எஞ்சுவது கழிவுப் பிரச்சினை. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் மேடுகள் ஊரைச் சுற்றி இன்றும் நிற்கின்றன. அவற்றில் இன்னும் பொன் துகள் இருக்கிறது என்று, 13 மேடுகளில் மறுபடி வேலை தொடங்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. கழற்றிய 512 ஜி.பி.யும் இத்தகைய மேடுதான். சில நூறு ரூபாய்க்கு ஒரு யூ.எஸ்.பி. உறை வாங்கி அதற்குள் செருகினால் வெளிச்சேமிப்பாக ஆண்டுக்கணக்கில் உழைக்கும். உள்ளே கல்லூரிப் படங்கள், பாதியில் விட்ட விளையாட்டுகளின் சேவ் கோப்புகள், ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ என்று பெயரிட்ட பழைய பயோடேட்டாக்கள். மதிப்பீடு இன்னும் முடியவில்லை. அதற்குள் அந்த 512-க்கு வீட்டில் தங்கை மனுப் போட்டுவிட்டாள். அவளுக்கு இடம் வேண்டுமாம், ரீல்ஸ் வைக்க. மனு நிலுவையில் உள்ளது.