மஞ்சள் ரோஜா வேண்டாம்!

கேள்வி: அந்தக் காலத்து வேலன்டைன் அட்டைகளில் அச்சான பூக்களுக்கெல்லாம் அர்த்தம் உண்டாமே? நம்மிடம் அப்படி ஏதும் உண்டா?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: பேஷாக உண்டு! 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பான்ஸி பூ போட்ட அட்டை வந்தால், ‘உன் நினைப்பாகவே இருக்கிறேன்’ என்று பொருள். இதற்கென்றே அகராதிகள் இருந்தன. 1884-ல் ஓவியர் கேட் கிரீனவேயின் படங்களுடன் வெளியான அகராதியில் மஞ்சள் ரோஜாவுக்கு அர்த்தம், பொறாமை. கொடுத்தவர் கதி அதோகதிதான்!

நமக்கு இது சங்க காலத்திலேயே அத்துப்படி. குறிஞ்சி என்றால் கூடல், முல்லை என்றால் காத்திருப்பு. குறுந்தொகை முதல் பாட்டிலேயே, தலைவன் நீட்டிய செங்காந்தளை ‘எங்கள் மலையிலேயே நிறைய இருக்கிறது’ என்று தோழி மறுத்துவிடுகிறாள். என்ன சாமர்த்தியம்!

ஆகவே அட்டைக்குப் பதிலாகப் பூவே போதும். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடைகளில் நெருக்கமாகக் கட்டிய மல்லிகை மொட்டாகப் பார்த்து, பிப்ரவரி 14-க்கு இரண்டு முழம் வாங்கச் சொல்லுங்கள் உங்களவரிடம்.