உண்மை பேசும் ஆம்ப்

ஜாஸ் கிட்டாருக்கு அக்கூஸ்டிக் ஆம்ப் தேடுகிறவர்களின் கோரிக்கை ஒன்றே: கிட்டாரின் இயற்கையான ஒலி அப்படியே வர வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் ஜாஸ் கிட்டார் என்றதும் காதில் கேட்கும் அந்த வெண்ணெய்க் குரலில் இயற்கையின் பங்கு சொற்பம். 1936இல் கிப்சன் கொண்டுவந்த இஎஸ்-150 கிட்டாரோடு, 1939இல் பென்னி குட்மனின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன். அவர் கிட்டாரில் கேட்ட அந்த வெண்ணெய்க் குரல், காந்தப் பிக்கப்பும் வால்வு ஆம்பும், சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கையை விரித்துவிடும் ஸ்பீக்கரும் சேர்ந்து செய்த கூட்டுச் சதி. அக்கூஸ்டிக் ஆம்பிலோ பெரும்பாலும் உச்ச ஒலிகளுக்கென்றே ட்வீட்டர் உண்டு; அது எதையும் மறைக்காது. தந்தியில் விரல் உரசும் கீச்சு, பிக் தட்டும் ‘டிக்’ எல்லாம் சபை ஏறிவிடும்.

கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவில் கிட்டார் கலைஞர் ஃப்ரெடி கிரீன் ஆம்பே இல்லாமல் பல பத்தாண்டுகள் வாசிக்கவில்லையா என்று கேட்கலாம். வாசித்தார், ஆனால் அவர் தாளத்தைத் தாங்கினார், தனி ஆவர்த்தனத்துக்கு அநேகமாக வரவே இல்லை. அக்கூஸ்டிக் ஆம்ப் தூக்க லேசு, பாட ஒரு மைக்கும் செருகலாம் என்பது அடுத்த வாதம். இதற்கு மறுப்பில்லை, முதுகுவலிக்கு முன் அழகியல் நிற்காது. கூடுள்ள கிட்டார் ஊளையிட்டால் அடக்க, இந்த ஆம்ப்கள் பலவற்றில் நாட்ச் ஃபில்டரும் இருக்கிறது. ஆகவே வாங்குங்கள். ஆனால் கடையில் வாட் கணக்கைக் கேட்பதற்கு முன், ட்வீட்டரைக் குறைக்கவோ அணைக்கவோ குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.