உள்ளே ஒட்டிய சீட்டு

எங்கள் வீட்டுப் பரணில், பித்தளை அண்டாவுக்கும் பழைய பஞ்சாங்கக் கட்டுகளுக்கும் நடுவே, தாத்தாவின் வயலின் ஒன்று நெடுங்காலம் யோகநித்திரை புரிந்துகொண்டிருந்தது. அதன் மேற்பலகையில் எஃப் என்னும் ஆங்கில எழுத்தைப் போல் வெட்டியிருக்கும் துவாரத்தின் வழியே டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தால், பழுப்பேறிய காகிதச் சீட்டு ஒன்று தென்படும். 'அந்தோனியுஸ் ஸ்த்ராதிவாரியுஸ், கிரெமோனா, 1721' என்று லத்தீனில் அச்சிட்ட அந்தச் சீட்டை, ஆண்டுதோறும் சரஸ்வதி பூஜையன்று குடும்பத்தார் யாவரும் வரிசையில் நின்று, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பயபக்தியுடன் தரிசிப்பது வழக்கம். இத்தாலிய மேதையின் கைவேலை நம் பரணில் இருக்கிறது என்னும் அசைக்க முடியாத நம்பிக்கையே என் சிற்றப்பா இரண்டு உத்தியோகங்களை உதறியதற்கும், அத்தை ஒரு நல்ல வரனைத் தட்டிக் கழித்ததற்கும் மூலகாரணம். சீட்டின் அடியில் பொடி எழுத்தில், 'ஜெர்மனியில் செய்யப்பட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்ததை நாங்கள் கவனிக்காமல் இல்லை. சிற்றப்பா அதற்கும் சமாதானம் வைத்திருந்தார்: "மகான்கள் ஒரே ஊரிலா இருப்பார்கள்? அந்த வருஷம் ஜெர்மனிக்கு க்ஷேத்திராடனம் போயிருப்பார்."

நான் ஓய்வு பெற்ற பிறகு, கிடைத்த அவகாசத்தில், மயிலாப்பூரில் வாத்தியம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் அதை எடுத்துச் சென்றேன். பெட்டியைத் திறந்தவர் சீட்டைப் பார்க்கக்கூட முயலவில்லை. "ஸ்த்ராதிவாரியுஸ்னு போட்டிருக்குமே? இந்த மாசத்துல நீங்க மூணாவது ஆள், சார்" என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜெர்மனியின் மார்க்நியூகிர்ஹென் போன்ற ஊர்களில், ஒரு வீட்டில் கழுத்தும் இன்னொரு வீட்டில் வயிறுமாகச் செதுக்கி, ஆயிரக்கணக்கில் வயலின்களைப் பூட்டி உலகெங்கும் அனுப்பினார்கள் என்பதும், மேதையின் பெயரை மாதிரியின் அடையாளமாகவே உள்ளே ஒட்டினார்கள் என்பதும், பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று எழுதியாக வேண்டும் என 1890இல் அமெரிக்கச் சுங்கச் சட்டம் விதித்ததால்தான் அந்தப் பொடி எழுத்து வந்தது என்பதும் எனக்கு அப்புறம் தெரியவந்தவை. 1737இல் காலமான அந்த மகானின் கைவேலைகளில் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 650. எங்கள் பரண் அந்தக் கணக்கில் சேரவில்லை. தாத்தா அதில் வாசித்த தோடி மட்டும் அசல்தான் என்று கேட்டவர்கள் சொல்வார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோவதும் உண்டு.

இந்தத் துக்கம் ஆறுவதற்குள், என் தம்பி மகன் ஒரு விண்ணப்பத்துடன் வந்து நின்றான். அவனுக்கு 'மினிமோக்' என்னும் மின்னணு இசைக்கருவி, அதாவது சிந்தசைசர், வேண்டுமாம். அதைச் செய்த ராபர்ட் மோக்கின் பெயரைப் பலரும் 'மூக்' என்றே உச்சரிக்கிறார்கள். நம்மவர் வாயில் அது விரைவில் மூக்காகிவிடும். ஆனால் அவரே 'மோக்' என்றுதான் சொல்லிக்கொண்டார் என்பதாலும், அந்தக் கருவியின்மேல் உலகத்துக்கு இருப்பது மோகமே என்பதாலும், அந்த உச்சரிப்பையே கைக்கொள்கிறேன். 1970இல் நியூயார்க் மாநிலத்து ட்ரூமன்ஸ்பர்க் என்னும் சிற்றூரில், பில் ஹெம்சாத் என்ற பொறியாளர், மோக்கின் பட்டறையில் கழித்துப் போட்ட உதிரிபாகங்களைக் கொண்டு முதல் மாதிரியைப் பூட்டினார். டிரான்சிஸ்டர்களை ஏணிப்படிகளைப் போல் இரண்டிரண்டாக மேலே மேலே அடுக்கி, ஒலியின் கீச்சுப் பகுதியை வேண்டிய மட்டும் வடித்தெடுக்கும் மோக்கின் வடிகட்டிதான் அதன் ஜீவநாடி. அதற்கு 1969இல் காப்புரிமை கிடைத்தது. அக்காலச் சட்டப்படி 17 ஆண்டுகளில் அது காலாவதியும் ஆயிற்று.

2016இல் மோக் நிறுவனமே அந்தக் கருவியை மறுபடியும் செய்து, 3,499 டாலர் விலை வைத்தது. ஈராண்டுக்குள் பெஹ்ரிங்கர் என்னும் நிறுவனம் அதே சுற்றமைப்பைக் கைக்கு அடக்கமான பெட்டியில் வைத்து, அசலின் பெயரான 'மாடல் டி' என்பதையே தானும் சூட்டிக்கொண்டு, 300 டாலருக்குள் விற்கத் தொடங்கியது. "பெரியப்பா, சத்தம் ரெண்டும் ஒண்ணுதான். இந்த மாதிரி மலிவுப் பெட்டி இப்ப நாலஞ்சு பேர் பண்றாங்க" என்றான் பையன். தர்மசாஸ்திரத்தில் எனக்குச் சந்தேகங்கள் எழுவதெல்லாம் பிறர் பணத்தில் வாங்கும்போதுதான். பணம் என் பையிலிருந்து போகிறதென்றால் நியாயம் பளிச்சென்று விளங்கிவிடும். ஆயினும், வயலின் விஷயத்தில் சூடுபட்டவனாகையால், கொஞ்சம் விசாரித்த பிறகே பணம் தருவதாகச் சொல்லிவைத்தேன்.

விசாரிக்க விசாரிக்க, சங்கீதக் கருவிகளின் உலகில் கை சுத்தமானவரைக் காண்பது சிரமம் என்று தெரிந்தது. லண்டனில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962இல் ஃபெண்டர் நிறுவனத்தின் 'பேஸ்மன்' ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துத் தம் ஆட்களைக் கொண்டு ஒன்று செய்வித்தார். இன்று 'மார்ஷல் நாதம்' என்பது தனியொரு சம்பிரதாயம், அதற்கும் நகல்கள் வந்துவிட்டன. மோக்கின் போட்டியாளரான ஏஆர்பி நிறுவனம், காப்புரிமை உயிரோடிருந்த காலத்திலேயே அந்த ஏணி வடிகட்டியைத் தன் பெட்டியில் வைத்து, பிறர் பார்வை படாதபடி பிசினுக்குள் புதைத்திருந்தது. பின்னர் வேறொன்றுக்கு மாறிக்கொண்டது. பிறர் சரக்கைப் பிசினில் புதைத்தவர் கதை இதுவென்றால், 1994இல் 'கிளான் சென்டார்' என்னும் கிதார் பெடலைச் சந்தைக்குக் கொண்டுவந்த பில் ஃபினகன், சொந்தச் சரக்கையே, சாம்பார்ப் பொடியின் பக்குவத்தை மருமகளிடம்கூடச் சொல்லாத பாட்டியைப் போல், பிசின் பூசி மறைத்தார். யாரோ பொறுமைசாலிகள் சுரண்டிப் பார்த்துவிட்டார்கள். இப்போது நகல்களுக்குக் கணக்கில்லை. அசலின் விலையோ பழைய சந்தையில் ஆயிரக்கணக்கான டாலர்களுக்கு ஏறிக்கிடக்கிறது.

நம் கை மட்டும் சுத்தமா என்றால், வயலினே கடன் சரக்கு. பாலுஸ்வாமி தீக்ஷிதர் மேல்நாட்டாரின் பிடிலைக் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குள் அழைத்து வந்தார். நாமோ அதைத் தரையில் உட்காரவைத்து, சுருதியை மாற்றி, குங்குமமும் இட்டு, கிரெமோனாவுக்குக் காலணா ராயல்டி அனுப்பாமல் நம்முடையதாக்கிக்கொண்டோம். மேலும், குருவின் பாடாந்தரத்தோடு அவருடைய கனைப்பையும் பொடி உறிஞ்சும் பாவனையையும் பிசகாமல் பிரதியெடுக்கும் சிஷ்யனைப் பாணி காப்பாற்றுகிறான் என்று மெச்சுகிறவர்கள் நாம்.

ஆகவே, காலாவதியான காப்புரிமையின் சுற்றமைப்பை எவரும் எடுத்தாளலாம், அதில் பாவமில்லை என்பது என் தீர்ப்பு. நூறு தவறுகள் செய்து ஒன்றைக் கண்டுபிடித்தவனின் செலவை இரண்டாமவன் ஏற்பதில்லை என்பது வாஸ்தவம். அதற்காகத்தான் அந்த 17 ஆண்டுகள் கொடுக்கப்பட்டன. ஆனால் பிறருடைய முகத்தை வெட்டித் தன் கழுத்தில் ஒட்டிக்கொள்வது வேறு சங்கதி. 2005இல் ரோலண்ட் நிறுவனம் பெஹ்ரிங்கர்மேல் வழக்குத் தொடுத்தது, 'பாஸ்' என்னும் பெயரில் தான் விற்கும் கிதார் பெடல்களின் தோற்றத்தையே நகலெடுத்துவிட்டார்கள் என்றுதான். அது சமரசத்தில் முடிந்து, தோற்றமும் மாறிற்று. வித்தையைக் கற்றுக்கொள், விலாசத்தைத் திருடாதே என்று தம்பி மகனுக்கு ஒரு மணி நேரம் உபதேசித்துவிட்டு, பணத்தையும் கொடுத்தேன்.

பெட்டி வந்தது. செய்தவர் பெயர் இங்கே வேண்டாம். திருகுகளும் விசைகளும் நிறைந்த கரிய முகப்பும், இரு பக்கமும் தேக்கின் நிறத்தில் பளபளக்கும் கட்டையுமாக, பார்க்க லட்சணமாகவே இருந்தது. ஆனால் எவ்வளவு தேடியும் வாசிக்கும் கட்டைகளைக் காணோம். பக்கத்தில் கட்டை இருக்கிறது, வாசிக்கக் கட்டை இல்லையே என்று நான் அலறியபோது, "அது தனியா வாங்கணும், பெரியப்பா" என்றான் அமைதியாக. விலை மலிவாயிருக்கும் இரகசியத்தில் ஒரு பகுதி அப்போது விளங்கியது. அதையும் வாங்கினோம். அவன் ஒரு திருகை அழுத்திச் சுழற்றி முதல் ஸ்வரத்தைத் தொட்டபோது, பூஜையறை மணி தானாக அதிர்ந்தது. மோக்கின் ஏணி வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மறுவாரம் போய்ப் பார்த்தபோது, முகப்பில் மினிமோக் என்று ஆங்கிலத்தில் அழகாக அச்சிட்ட சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. என் உபதேசம் முழுவதும் வீணாயிற்றே என்று வெகுண்டு, அந்தக் கணமே அதை உரித்தெறியச் சொன்னேன். பையன் மறுபேச்சில்லாமல் உரித்துவிட்டு, பரணை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

வயலினுக்குள் இருக்கும் சீட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தத் துவாரத்தில் என் விரல் நுழையாது.