நடைக்குப் பில்லு கெடையாது கண்ணு

ஏங் கண்ணு, உனக்கு முப்பது வயசு இருக்குமா? அதுக்குள்ள இடுப்பப் புடிச்சுட்டு நிக்கறே. மூட்டை தூக்கினயா? இல்லே. வரப்பு வெட்டினயா? அதும் இல்லே. சரவணம்பட்டியில ஏசி ரூமுக்குள்ள உக்காந்து பொட்டி தட்டினேங்கறே. சும்மா உக்காந்ததுக்கே இப்பிடின்னா, ஒரு நாளு மம்முட்டி புடிச்சா என்ன ஆவே?

பண்ணையம் பண்ணின எங்களுக்கு நோவு வரலேன்னு பீத்திக்க மாட்டேன். வந்துச்சு. சாமான் தான் வரலே. உனக்குப் பாரு, நோவு வந்த மறுவாரமே ஊடு நெறையச் சாமான் வந்துருச்சு. முதுகத் தாங்க ஒரு நாற்காலி. அதும்மேல ஜெல்லுத் திண்டு. தோளை நிமுத்த ஒரு வாரு. இடுப்பச் சுத்தி ஒரு பெல்ட்டு. மணிக்கொருக்கா "எந்திரி, எந்திரி"ன்னு கையச் சொரண்ட ஒரு வாட்ச்சு. அது சொரண்டினா எந்திரிக்கறயா? அதோட வாய அடைக்கத்தான உன்ற வெரலு போகுது? ஆடத் தெரியாதவ கூடம் கோணைன்னாளாம். நீ நாற்காலி கோணைங்கறே.

என்ற பேத்தி பிசியோதெரபி படிச்சவ. அவ செல்லுல படிச்சுக் காட்டுவா, நான் திண்ணையில கால நீட்டிக் கேட்டுக்குவேன். நாள்பட்ட இடுப்பு நோவுக்கு என்ன பண்ணோனும்னு உலக சுகாதார நிறுவனம் 2023 கடைசீல ஒரு வழிமுறை போட்டுது. ஒடம்பை அசைக்கச் சொல்லிக் குடுங்க, நோவுன்னா என்னன்னு புரிய வைங்கங்குது. பெல்ட்டும் இழுவைக் கட்டும் வேண்டாங்குது. உன்ற பெல்ட்டு வந்த அட்டப்பொட்டி பத்தரமா இருக்குதா? திருப்பிக் குடுத்தா வாங்கிக்குவானா பாரு.

அடுத்தது எம்ஆர்ஐ படம் வெச்ச அந்தப் பெரிய கவரு. எல் ஃபோரு, எல் ஃபைவுன்னு ஜாதகம் பாக்கறவனாட்ட வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுட்டு நிக்கறே. "அப்பாரே, ஜவ்வு பிதுங்கிருச்சு, என்ற பொழப்பு போச்சு"ங்கறே. 1994ல அமெரிக்காவுல ஒரு கூத்துப் பண்ணினாங்க. இடுப்பு நோவே இல்லாத 98 பேரைப் படுக்கப் போட்டு எம்ஆர்ஐ எடுத்தாங்க. நூத்துக்கு 52 பேருக்கு ஒரு எடத்துலயாச்சும் ஜவ்வு பொடைச்சிருந்துச்சு. எல்லா ஜவ்வும் ஒழுங்கா இருந்தவன் நூத்துக்கு 36 பேரு தான். நல்லா நடந்து போனவன் கையிலயும் ஒரு கவரக் குடுத்துட்டா, அவனும் நொண்டீட்டுத்தான வருவான்?

காலுக்கு எறங்கற நோவு மட்டும் கொஞ்சம் வேற. சயாட்டிக் நரம்பு தான் ஒடம்புலயே தடியான நரம்பு. அடிமுதுகுல பல வேராப் பொறப்பட்டு, ஒண்ணாச் சேந்து, பிட்டத்துக்குள்ள பூந்து, பின்தொடை வழியாப் பாதம் வரைக்கும் போகுது. பிதுங்கின ஜவ்வு வேரை நெருக்குச்சுன்னா கெண்டைக்கால் வரைக்கும் சுள்ளுனு இழுக்கும். அதுக்குத்தான் சயாட்டிகான்னு பேரு. கோளாறு இடுப்புல, கூச்சல் கால்ல. நீ கெண்டைக்கால்ல அரைப் புட்டி தைலத்தைத் தேச்சுட்டு, தைலம் சரியில்லேங்கறே. பிதுங்கினது பல பேருக்கு மாசக்கணக்குல தானாச் சுருங்கிக்கும். ஒடம்புக்கு அந்தக் கைவேலை தெரியும். நமக்குத்தான் பொறுமை கெடையாது.

உன்னைய மட்டும் நக்கலடிச்சா ஞாயமில்லே. எங்க காலத்துக் கூத்தையும் கேளு. இடுப்புப் புடிச்சுக்கிச்சுன்னா, பொறக்கறப்பக் காலு முன்னாடி வந்தவன் எவன்னு ஊரெல்லாம் தேடுவோம். அவன் முதுகுல மிதிச்சாப் புடிப்பு உட்டுரும். ரெட்டப் புள்ளை பெத்தவ நீவினாச் சுளுக்கு ஓடிரும். காலால பொறந்தவனுக்கு இருந்த மருவாதி மணியகாரருக்குக் கோட இருக்காது. ஆனா அவனுக்கும் காட்டு வேலை இருக்குமல்லோ? தேடிப் புடிச்சு, காப்பித்தண்ணி குடுத்து, அவன் ஒழிஞ்ச நேரம் பாத்து மிதிக்க வரதுக்குள்ள நோவு பாதி எறங்கியிருக்கும். பேரு மட்டும் அவன் காலுக்கு.

இதுல தான் கண்ணு சூட்சுமம். சயாட்டிகாக்காரங்க 183 பேரை வெச்சு நெதர்லாந்துல ஒரு ஆராய்ச்சி பண்ணி 1999ல போட்டாங்க. பாதிப் பேரை ரெண்டு வாரம் படுக்கையில போட்டாங்க. மீதிப் பேரை அவங்கவங்க வேலையப் பாக்கச் சொன்னாங்க. 12 வாரம் கழிச்சுப் பாத்தா ரெண்டு கூட்டத்துலயும் நூத்துக்கு 87 பேருக்குத் தேவலை. படுத்தவனும் தேறினான், படுக்காதவனும் தேறினான். இப்பக் கணக்குப் போடு. அந்த 12 வாரத்துக்குள்ள எவன் கடை விரிச்சாலும் நூத்துக்கு 87 பேரு அவனைக் கையெடுத்துக் கும்புடுவாங்க. காலால பொறந்தவனுக்கும் அதே கணக்கு. காந்தப் பெல்ட்டு விக்கறவனுக்கும் அதே கணக்கு. கடைசியா எவன் கை வெச்சானோ அவன் வைத்தியன்!

அப்ப ஒத்தடம் கித்தடம் எல்லாம் பொய்யான்னு கேப்பே. யாரு சொன்னா? கல்லுப்ப வறுத்துத் துணியில கட்டி ஒத்து. நொச்சித் தழை, ஆமணக்கு எலை எது கெடைச்சாலும் வதக்கி வெச்சுக் கட்டு. எதுமே இல்லையா, வெந்நீர்ப் பை போதும். சூடு பட்டாச் சதை தளரும், நோவு சித்தெ அடங்கும். அடங்கின அந்த நேரத்துல நீ என்ன பண்றே, அதுல இருக்குது வைத்தியம். ஒத்தடம் குடுத்துட்டு மறுக்காச் செல்லை நோண்டீட்டுப் படுத்துக்கிட்டா அடுப்புக்குத்தான் செலவு. சக்கரை வியாதியில காலு மரத்துக் கெடக்கறவங்க மட்டும் ஒத்தடத்துல சூதானமா இருக்கோனும். தோலு வெந்தாலும் தெரியாது. மருந்துக்கடையில "இடுப்பு நோவுக்கு ரெண்டு குடுங்க"ன்னு வாங்கி மாசக்கணக்குல முழுங்கறதும் வேண்டாம். இடுப்பப் பாக்கப் போயி வயிறும் கிட்னியும் கெட்டுப்போகும்.

படுக்கை? ஒருத்தன் கட்டாந்தரையில தான் படுக்கோனும்கறான். இன்னொருத்தன் ஒரு ஏக்கரா வெலைக்கு மெத்தை வாங்கறான். ஸ்பெயினுல 313 பேரை வெச்சுப் பாத்து 2003ல சொல்லிட்டாங்க: ரொம்பக் கெட்டி மெத்தையை விட நடுத்தரமானது தான் தேவலை. மல்லாந்து படுத்தா முழங்காலுக்குக் கீழ ஒரு தலகாணி. ஒருக்களிச்சா ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல ஒண்ணு. பழைய தலகாணி ஊட்டுல இல்லாமயா இருக்குது?

அப்பறம் நட. ஆஸ்திரேலியாவுல இடுப்பு நோவு வந்து தேறின 701 பேர்ல பாதிப் பேருக்கு நடக்கச் சொல்லிக் குடுத்தாங்க. வாரம் அஞ்சு நாளு, நாளுக்கு அரை மணி நேரம் வர்ற வரைக்கும் ஆறு மாசத்துல மெல்ல மெல்ல ஏத்தினாங்க. 2024ல முடிவு வந்துச்சு. நோவு திரும்பி வரச் சும்மா இருந்தவங்களுக்கு நடுவாந்தரமா 112 நாளு. நடந்தவங்களுக்கு 208 நாளு. வரவே வராதுன்னு அவங்களும் சொல்லலே, நானும் சொல்லலே. காலு இழுக்கறப்ப அரை மணி நேரம்னு ரோசம் காட்டாதே. அஞ்சஞ்சு நிமிசமா நாளுக்கு நாலு தடவை நட. குனிஞ்சு குடத்தைத் தூக்காதே. பின்பாக்கெட்டுல இருக்கற பர்ஸை எடு. அதும்மேல உக்காந்து நரம்ப நசுக்கிக்கறாங்கன்னு 1978லயே அமெரிக்க வைத்தியப் பத்திரிகையில எழுதிட்டாங்க. இத்தனை சாமான் வாங்கினதுக்கப்பறம் உன்ற பர்ஸு அவ்வளவு தடியா இருக்காதுங்கறது ஒரு நல்ல காரியம்.

இனிச் சொல்றதுல சிரிப்பு இல்லே. ஒண்ணுக்கு வராம அடைச்சுக்கிட்டாலோ, தெரியாம வந்துட்டாலோ, வெளிக்கி அடக்க முடியலேன்னாலோ, ரெண்டு தொடைக்கு நடுவுல மரத்துப் போச்சுன்னாலோ, பாதம் தூக்க வராமத் தொங்குச்சுன்னாலோ, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு. விடியட்டும்னு காத்திருக்காதே. காய்ச்சலோட நோவு, ஒடம்பு எளைச்சுட்டே வர்ற நோவு, உழுந்ததுல இருந்து வந்த நோவு, இதுக்கெல்லாம் அப்பாருட்ட வராதே, டாக்டரப் பாரு. எவனாச்சும் முதுகுல ஏறிச் சொடக்கெடுக்கறேன்னா, அவனுக்குக் காப்பித்தண்ணியக் குடுத்து அனுப்பி வெச்சுரு.

மத்த நோவுக்கெல்லாம் சூடு, நடை, பொறுமை. மூணையும் எவனும் பொட்டியில போட்டு விக்க முடியாது. அதனால தான் இதுக்கு வெளம்பரம் வரதில்லே.

இப்ப என்ன செல்லை எடுக்கறே? நடக்கறதுக்கு எந்தச் செருப்பு நல்லதுன்னு தேடறயா? அடச் சாமி, போட்டிருக்கறதே போதும். எந்திரி!