658 மீட்டருக்கு ஒரு சிக்னல் வேண்டி விண்ணப்பம்

பெறுநர்: இயக்குநர் அவர்கள், இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம், புணே.

பொருள்: மின்சார பைக்கில் நெடும்பயணம் – சான்றிதழில் கண்ட ரேஞ்ச் சாலையிலும் கிடைக்க ஆவன செய்யக் கோருதல்.

ஐயா,

எந்த மின்சார பைக்கை வாங்கினால் நெடுந்தூரம் போகலாம் என்று கணக்குப் போடுகிறவர் விலையைக்கூடப் பிறகுதான் பார்க்கிறார். முதலில் பார்ப்பது ஒரு சார்ஜில் ஓடும் தூரமான ரேஞ்சை. பெங்களூரு அல்ட்ராவயலெட் நிறுவனத்தின் எஃப்77 மாக் 2 ரீகானுக்கு 10.3 யூனிட் பேட்டரி; ஐ.டி.சி. என்னும் உங்கள் இந்திய ஓட்டச் சுழற்சிச் சோதனையில் அதன் ரேஞ்ச் 323 கி.மீ. சென்னையில் ஏறி உட்கார்ந்தால் கிட்டத்தட்ட திருச்சியில் இறங்கலாம் என்று இதற்குப் பொருள். இறங்க முடிவதில்லை என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். அரசு ஏற்ற சோதனை முறை தவறாக இருக்க வழியில்லை என்பதால், தவறு நெடுஞ்சாலையில்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்து, அதைத் திருத்தித் தருமாறு இந்த விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கிறேன்.

திருத்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதை உங்கள் சோதனைச் சுழற்சியே சொல்லிவிடுகிறது. 1980-களின் நகரத் தெருக்களை மனத்தில் வைத்து வகுத்த அந்த ஓட்டம் 108 விநாடியில் முடிந்துவிடும். கடக்கும் தூரம் 658 மீட்டர், உச்ச வேகம் மணிக்கு 42 கி.மீ., சராசரி 21.9. அந்த 108 விநாடியில் 16 விநாடி வண்டி சும்மா நிற்கிறது. ஒரே சீரான வேகத்தில் ஓடுவது 13 விநாடி. மற்ற நேரமெல்லாம் முறுக்குவதும் தணிப்பதும்தான். ஆய்வுக்கூடத்து உருளைமேல் இதையே திரும்பத் திரும்ப ஓட்டி, பேட்டரி தீரும் இடத்தில் கோடு கிழிக்கிறீர்கள். 323 கி.மீ. என்றால் இந்தக் குட்டி ஓட்டத்தை 491 தடவை ஓட்ட வேண்டும். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் இரவு ஏழே முக்காலுக்குப் போய்ச் சேரலாம். அதில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நடுச்சாலையில் நிற்பது. ஆகவே தாம்பரம் தாண்டியதும் 658 மீட்டருக்கு ஒரு சிக்னலும், ஒவ்வொன்றிலும் 16 விநாடி சிவப்பு விளக்கும் அமைத்துத் தர நெடுஞ்சாலை ஆணையத்துக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். நான்கு வழிச் சாலையில் இருசக்கர வாகனங்கள் 80 கி.மீ. வேகம்வரை போகலாம் என்று ஒன்றிய அரசு 2018-இல் தாராளமாக அனுமதித்துவிட்டது. அதையும் கையோடு 42 ஆக்கிவிட்டால் தேவலை.

வேகத்தைக் குறைக்கச் சொல்வது பிடிவாதத்தால் அல்ல. வண்டியைத் தடுக்கும் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது; 42-இல் இருப்பதைப்போல 80-இல் அது மூன்றரை மடங்குக்கும் மேல். நகரத்தில் பேட்டரியைத் தின்பது நின்று கிளம்பும் ஓட்டம், நெடுஞ்சாலையில் தின்பது காற்று. இரண்டும் ஒரே எண்ணுக்குள் அடங்காது என்பதை அமெரிக்காவின் ஜீரோ நிறுவனம் ஒளிக்காமல் அச்சிடுகிறது. 14.4 யூனிட் பேட்டரியுடன் வந்த அதன் 2020 எஸ்.ஆர்./எஃப் பைக்குக்கு நகரில் 259 கி.மீ., மணிக்கு 55 மைல் வேகத்தில் 159, 70 மைல் வேகத்தில் 132. வண்டியும் பேட்டரியும் ஒன்றேதான். போகிற வேகத்தில் ரேஞ்ச் பாதியாகிறது. இங்கே ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450எக்ஸ் 2022-இல் வந்தபோது சான்றிதழ் சொன்னது 146 கி.மீ.; நிறுவனமே, உண்மையில் கிடைப்பது 105 என்று பக்கத்தில் எழுதியது. விற்கிறவரே குறைத்துச் சொல்ல வேண்டிய அளவுக்குத் தாராளமான சான்றிதழை வேறு எங்கே பார்க்க முடியும்?

உங்கள் தரப்பு விளக்கம் தெரிந்ததுதான். இந்த எண் பயணத்தை முன்கூட்டிச் சொல்வதற்கல்ல, வண்டிகளை ஒப்பிடுவதற்கு. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்பீர்கள். ஒப்பிடத்தான் உதவும் என்றால் வரிசையாவது மாறாமல் இருக்க வேண்டாமா? சுழற்சியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேகம் தணியும் நேரம். பிரேக் போடும்போது மின்சாரத்தைத் திருப்பிச் சேமிப்பதில் கெட்டிக்கார வண்டிக்கு அங்கே மதிப்பெண் குவியும்; விழுப்புரம் தாண்டி ஒரே சீராக ஓடும்போது அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு வேலையே இல்லை. அங்கே காற்றைக் கிழிக்கும் உடலமைப்புதான் பேசும், அதற்கு உங்கள் 42 கி.மீ. வேகத்தில் பேச வாய்ப்பே கிடைப்பதில்லை. எனவே நகரத்தில் முதலாவதாக வந்த வண்டி நெடுஞ்சாலையிலும் முதலாவதாக வரும் என்று உங்கள் சான்றிதழை வைத்துச் சொல்ல முடியாது. வாங்குகிறவருக்குத் தேவைப்பட்டது அது ஒன்றுதான்.

பெட்ரோல் வண்டி மட்டும் சொன்ன மைலேஜைத் தருகிறதா என்றும் கேட்கலாம். தருவதில்லை. ஆனால் அங்கே தவறின் விலை அடுத்த பெட்ரோல் பங்க்கில் ஐந்து நிமிடம். இங்கே, ஏ.சி.க்குப் போடும் 15 ஆம்பியர் பிளக்கில் முழுக் கொள்ளளவும் இழுத்தால்கூட 10.3 யூனிட் ஏற மூன்று மணி நேரம் ஆகும். அந்தப் பிளக்கைக் கொடுக்க மனமுள்ள ஓட்டல்காரர் கிடைத்தால்தான் அதுவும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்ரோல் பைக்குகளின் புகையைச் சோதிக்க இந்தப் பழைய சுழற்சியை விட்டுவிட்டு உலகப் பொதுச் சுழற்சியான டபிள்யூ.எம்.டி.சி.க்கு மாறிவிட்டோம். புகை விடும் வண்டிக்கு உலகச் சாலை, புகையே விடாத வண்டிக்குப் பழைய தெரு.

பெரும்பாலோர் ஊருக்குள்தானே ஓட்டுகிறார்கள் என்பது நியாயமான வாதம். அவர்களுக்கு இந்த எண் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் உருளையில் மேட்டுப்பாளையம் இல்லை. அங்கிருந்து உதகைக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏற வேண்டும். ஆளும் வண்டியும் சேர்ந்து 200 கிலோ என்றால், தூக்குவதற்கு மட்டுமே ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் போய்விடும். 3.7 யூனிட் ஸ்கூட்டருக்கு அது கால் பங்குக்கும் அதிகம். இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும் என்பது உண்மை, மேலே போய்ச் சேர்ந்தவருக்கு. உருளையில் ஆரல்வாய்மொழியும் இல்லை. ஆடிக் காற்று 30 கி.மீ. வேகத்தில் முகத்தில் அடிக்க, 80-இல் போகிறவர் 110-இன் எதிர்ப்பைச் சந்திக்கிறார். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்தக் கணவாயில் காற்றாலைகளை வரிசையாக நட்டவர்கள் அங்கே காற்று அடிக்கும் என்று தெரிந்துதான் நட்டிருக்கிறார்கள்.

சாலையைத் திருத்துவது செலவு பிடிக்கும் என்று கருதினால், மாற்றாகச் சான்றிதழில் இரண்டே வரி கூட்டலாம். மணிக்கு 80 கி.மீ. சீரான வேகத்தில் 100 கி.மீ. ஓட எத்தனை யூனிட். அரை மணி நேர சார்ஜில் அதே வேகத்தில் எத்தனை கி.மீ. ஓடலாம். உருளையும் ஆளும் உங்களிடமே இருக்கிறார்கள். விதி போடுவது அமைச்சகம் என்று கை காட்டவும் வேண்டாம். வாகனத் தரங்களை வரையும் குழுவின் செயலகம் உங்கள் கூரைக்குக் கீழேதான் இயங்குகிறது.

இதற்கான பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டாம். புணேயிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,200 கி.மீ.; மேற்படி எஃப்77-இல் ஓர் அலுவலரிடம் கொடுத்தனுப்பினால், சான்றிதழ்படி வழியில் மூன்றே தடவை சார்ஜ் போட்டால் போதும். நான்காவதாக ஒரு பிளக் தேவைப்பட்டால், அவருடைய பயணப்படிக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதையும் அந்தப் பதிலிலேயே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
திருச்சி போய்ச் சேர விரும்பும் ஒரு வாடிக்கையாளர்