மருமகன் ஸ்டார்ட்டர் மாத்துறாரு

வாங்க மாப்ள, உக்காருங்க. பசியாறியாச்சா? கையில இருக்கிற கிரீஸைப் பாத்தா, பசியாறாமலே வண்டிக்கடியில பூந்துட்டீங்கன்னு தெரியுது. தங்கச்சி மகன்னு இவ்வளவு மரியாதை போதும். இனி நீ, வா, போதான்.

மூணு நாளா உன் லேண்ட்ரோவர் இறக்கத்தைப் பாத்தே நிக்குது. திரிங்காப் ஊரே அதைப் பாத்துச் சிரிக்குது. சாவியைப் போட்டு, ரெண்டாவது கியர்ல கிளச்சை மிதிச்சு உருட்டிவிட்டு, வேகம் வந்ததும் படக்குனு காலை எடுக்கிறது இந்த மலையில பச்சப்புள்ளைக்கும் தெரிஞ்ச வித்தை. முட்டைக்கோஸ் ஏத்திக்கிட்டுச் சமதரையில நின்னுட்டா என்ன செய்வ? தள்ளுறதுக்கு மாமன் வரமாட்டேன், இடுப்பு வலி.

ரஸ்ஸல் துரை 1929-ல இந்த மலையில 'போ'ங்கிற தேயிலைத் தோட்டத்தை ஆரம்பிச்சப்ப ஆள்பலம் போகக் கூட இருந்தது கோவேறு கழுதைகளும் ஒரே ஒரு நீராவி ரோட் ரோலரும்தான். கழுதைக்கு ஸ்டார்ட்டர் கிடையாது, ஆனா உன்னை மாதிரி பிடிவாதம் உண்டு. அமெரிக்காவுல கெட்டரிங்னு ஒருத்தர் கண்டுபிடிச்ச மின்சார ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக்ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி முன்பக்கம் நின்னு கைப்பிடியைச் சுத்தணும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைச்சா மணிக்கட்டு போயிரும். பழைய லேண்ட்ரோவருக்கும் அந்தக் கைப்பிடி உண்டு. சுத்துறப்ப கட்டைவிரலை மத்த நாலு விரலோட ஒரே பக்கம் வைக்கணும். என் கட்டைவிரல் ஏன் கோணலா இருக்குன்னு இப்பப் புரியுதா?

சரி, ஸ்பேனரைக் கீழே வை. சாவியைத் திருப்புனா வண்டி என்ன சொல்லுது? 'டக் டக் டக்'குனு மரங்கொத்தி மாதிரி அடிச்சா, முக்காவாசி பேட்டரி பசியில கிடக்கு. 'டொக்'னு ஒரே சத்தத்தோட அடங்கிட்டா சோலனாய்டையும் ஸ்டார்ட்டரையும் சந்தேகப்படலாம். 'விர்ர்'னு சும்மா சுத்திக்கிட்டு எஞ்சின் அசையலன்னா பல்சக்கரம் கடிக்கல. பழைய பெட்ரோல் வண்டியில அந்தச் சக்கரம் திருகு மேல ஓடிப்போய்க் கடிக்கும், அழுக்கு சேந்தா நடுவழியில நின்னுரும். மண்ணெண்ணெயில கழுவு. கிரீஸை மட்டும் அப்பாதே, கிளச் தூசியெல்லாம் அதுலதான் வந்து ஒட்டும்.

ஹெட்லைட் நல்லா எரியுது, பேட்டரி நல்லாத்தான் இருக்குன்னு சொல்லப்போற. ரெண்டு ஹெட்லைட்டும் சேந்து பத்து ஆம்பியர் குடிக்கும். ஸ்டார்ட்டர் நூறுக்கு மேல குடிக்கும். தேத்தண்ணி வாங்கக் காசிருந்தா கல்யாணம் பண்ணிரலாமா? மீட்டரை வச்சுப் பாரு. சும்மா நிக்கிறப்ப 12.6 வோல்ட் இருக்கணும், ஸ்டார்ட் பண்றப்ப பத்துக்குக் கீழ நல்லா இறங்கிட்டா பேட்டரியைத்தான் முதல்ல பாக்கணும்.

டெர்மினல்ல பச்சையா பூத்திருக்கா? இந்த ஊர் ஈரத்துக்கு அது சீக்கிரமே பூக்கும். சுடுதண்ணி ஊத்தித் தேய். இன்னொண்ணு, எஞ்சின் ரப்பர் மேல உக்காந்திருக்கு. அதையும் சேஸியையும் சேக்கிறது ஒரு எர்த் பட்டைதான். அது துருவேறி அறுந்தா கரண்ட் திரும்பி வர வழியில்லை. ஜம்பர் கேபிளை எடுத்து, பேட்டரியோட நெகட்டிவ்ல ஒரு முனை, எஞ்சின் இரும்புல ஒரு முனைன்னு மாட்டித் திருப்பிப் பாரு. ஜோரா சுத்துனா வியாதி அந்தப் பட்டையிலதான்.

நான் இதைப் பாத்தேனான்னு கேக்காதே. உன் வயசுல எனக்கும் அவசரம். ஸ்டார்ட்டரைக் கழட்டி, ஈப்போ வரைக்கும் போயி வேற ஒண்ணு வாங்கி மாட்டுனேன். அதே 'டொக்'. கடைசியில ரெண்டு வெள்ளி எர்த் பட்டை. ஸ்டார்ட்டருக்குப் போன வெள்ளியை உங்க அத்தை இன்னைக்கும் எண்ணிக்கிட்டு இருக்கா.

இதெல்லாம் பாத்தும் ஸ்டார்ட்டர்தான்னு ஆச்சுன்னா கழட்டு. சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு வை, வெறும் ஜாக்கை நம்பி அடியில போகாதே. பாடியில மாட்டியிருக்கிற பேட்டரி ஒயரை முதல்ல கழட்டு, மாட்டுறப்ப கடைசியா மாட்டு. உன்னோடதுல அது நெகட்டிவ். அறுபதுகள்ல வந்த சில வண்டியில பாசிட்டிவ்தான் பாடியில இருக்கும். மோதிரத்தையும் கழட்டு. ஸ்பேனர் தப்பிப்போய்ப் பொறி பறந்தா மோதிரத்தோட விரலும் வேகும். நிச்சயதார்த்த மோதிரம்னு எங்கிட்ட அழாதே.

போல்ட்டுக்கு முந்தின ராத்திரியே எண்ணெய் விடு. கடைசி போல்ட்டை எடுக்கிறப்ப ஒரு கை அடியில தாங்கட்டும், அது தலகாணி இல்ல. பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சுப் பல்லை எண்ணு, மாட்டுறதுக்கு முன்னாடி தரையில வச்சுக் கரண்ட் குடுத்துப் பாரு. காலால அழுத்தி மிதிச்சுக்க, இல்லன்னா பிடிபட்ட சேவல் மாதிரி துள்ளும்.

புதுசு வாங்க ஈப்போவுக்கா போகப்போற? பெட்ரோல் செலவு, சாப்பாட்டுச் செலவு, நாள் கூலி வேற. கொஞ்சம் குனிஞ்சு இந்தக் கட்டிலுக்கடியில பாரு. சாக்குல சுத்தி வச்சிருக்கேன். அன்னைக்கு நான் கழட்டுனதுதான், ஒரு குறையும் இல்ல, எர்த் பட்டைதானே போச்சு. வருஷா வருஷம் எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன். தங்கச்சி மகன், உங்கிட்டப் போயி லாபம் பாப்பனா? அத்தை எண்ணுற அந்த வெள்ளியை மட்டும் குடுத்துட்டுத் தூக்கிக்கிட்டுப் போ.